பாட்டி மடியில் வேண்டாம்

14 மாதப் பையன் காரில் குழந்தை சீட்டில் வைத்தாலே வீறிட்டு அழுகிறான், வேளச்சேரியிலிருந்து தாம்பரம்தானே, முன்சீட்டில் பாட்டி மடியிலேயே வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே பத்துக் கிலோ பிள்ளையை எந்தப் பாட்டியாலும் பிடித்து நிறுத்த முடியாது, அதிலும் முன்சீட் என்றால் ஏர்பேக் விரிந்து நேராகக் குழந்தை மேல்தான் அடிக்கும். 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம், சரி, அது கிடக்கட்டும்.

முதலில் சூட்டைப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் நின்ற காரில் பெல்ட் பக்கிளைத் தொட்டாலே சுடும், பிள்ளை அழாமல் என்ன செய்வான்? நிறுத்தும்போது சீட் மேல் வெள்ளைத் துண்டு போடுங்கள், ஏசி ஓடிக் குளிர்ந்த பிறகு ஏற்றுங்கள். அப்புறம் சீட்டின் வார்: தோள் பக்கம் வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு சிக்கக் கூடாது, கழுத்தை அறுக்கவும் கூடாது. சீட் பின்னிருக்கையில், குழந்தை பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கட்டும். இந்த வயதில் கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு. பாட்டி பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்காரலாம். பின்கதவு சைல்டு லாக்கையும் போட்டுவிடுங்கள்.