ஆச்சியோடும் தாத்தாவோடும் குழந்தைகளோடும் ஜியோகேச்சிங் செல்லத் திட்டமிடுவது எப்படி?

தாத்தாவுக்கு முழங்கால் வலி, பேரனுக்கு ஏழு வயது, நெல்லையில் இருவருக்கும் இது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக ஒத்துவரும்.

ஒருவர் மறைத்துவைத்த பெட்டியை அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு ஜிபிஎஸ் துணையுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும் இவ்விளையாட்டு 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதன் கடினம், நிலத்தின் கடினம் ஆகியவற்றுக்கு 1 முதல் 5 வரை தனித்தனி அளவு உண்டு. முதியவர்கள் வரும்போது நிலத்தின் அளவையே முதலில் பாருங்கள். 1 என்றால் சக்கர நாற்காலியும் செல்லும், 2-ஐத் தாண்ட வேண்டாம்.

முதல் முறை, முந்தைய நாளே இடம் பார்த்து, நீங்களே ஒரு பெட்டியை மறைத்துவைப்பதே நல்லது என்பது என் கருத்து. தாமிரபரணிக் கரையில், ஆச்சி சாய்ந்து உட்காரக் கல்மண்டபமுள்ள படித்துறையின் அருகே, சமதரையைத் தேர்ந்தெடுங்கள். திறந்த வெளியில் செல்பேசி சில மீட்டர் பிழையோடுதான் இடத்தைக் காட்டும். மருத மரங்களின் அடர்நிழலில் அப்பிழை இன்னும் கூடும். ஆகவே கடைசிப் பத்தடியைக் கண்ணால்தான் தேட வேண்டும். "வேருக்கும் கல்லுக்கும் நடுவில் பார்" என்று தாத்தா உட்கார்ந்தபடியே வழிகாட்டும்போது அவரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்.

பெட்டிக்குள் தின்பண்டம் கூடாது, எறும்பு மொய்க்கும். பம்பரமோ சோழியோ போதும். கோயில் தூண்களிலும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திலும் எதையும் மறைக்காதீர்கள். தண்ணீரருகே குழந்தைகளுடன் ஒரு பெரியவர் எப்போதும் இருக்கட்டும். வெயில் ஏறுமுன், காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, நீங்கள் மறைத்துவைத்த பெட்டியைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.