வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் படங்களை டிவி சேனல் மாதிரி நேரப்படி ஓடவிட முடியுமா? அந்த மெனக்கெடல் தேவையா?

முடியும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறது. "தேவையா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் வயதானவர் ஒருவர் இருக்கிறார், அவருக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 76. கோவையில் ஸ்பின்னிங் மில்லில் 34 வருடம். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சோறு என்று வாழ்ந்தவர். அம்மா போன பிறகு பகல் முழுக்க டிவி முன்னால்தான். நான் வாங்கிச் சேர்த்த விசிடி, டிவிடியெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, நம் படங்களை டிவியில் பட்டியலாகக் காட்டும் ஜெல்லிஃபின் என்ற சாப்ட்வேரைப் போட்டு டிவியில் திறந்து கொடுத்தேன். நானூற்றுச் சொச்சம் படம். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். போஸ்டர்களைத் தள்ளிக்கொண்டே கடைசி வரை போகிறார், திரும்ப மேலே வருகிறார். ஒரு படத்தில் நிற்கிறார். பெருவிரல் பட்டன் மேலேயே இருக்கிறது, அழுத்தவில்லை. அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கேட்டதற்கு, "எதைப் பாக்கறதுன்னே தெரியல கண்ணு" என்றார். அவர் பழகிய டிவி அவரிடம் எதையும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும்தான்.

அதனால்தான் சேனலாக்க நினைத்தேன். அதற்கு நான் எடுத்த சாப்ட்வேர் எர்சாட்ஸ்டிவி. டுனார் என்று இன்னொன்றும் இருக்கிறது, அதுவும் இதே வேலையைச் செய்யும். ஜெல்லிஃபினில் உள்ள படங்களை எடுத்து, இந்த நேரத்துக்கு இது என்று அட்டவணை போட்டு, சேனலுக்கு ஒரு எம்3யூ முகவரியும் நிகழ்ச்சி நிரலுக்கு ஒரு எக்ஸ்எம்எல்டிவி முகவரியும் தரும். இரண்டையும் ஜெல்லிஃபினின் லைவ் டிவி பகுதியில் ஒட்டினால் சேனல் வந்துவிடும், காசு கிடையாது. ஜெல்லிஃபினுக்குப் பதில் அதே மாதிரியான ப்ளெக்ஸ் வைத்திருந்தால் இதற்கு ப்ளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வாங்க வேண்டும். 24 மணி நேரமும் கம்ப்யூட்டர் படம் ஓட்டிக்கொண்டே இருக்குமா, கரண்ட் பில் என்னாகும் என்று பயப்பட வேண்டாம். எத்தனை மணிக்கு எந்தப் படம் என்ற கணக்குதான் இருக்கிறது. யாராவது சேனலைத் திருப்பினால்தான் படத்தை ஓட்டும் எப்எப்எம்பெக் என்ற புரோகிராம் அந்த இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

நான் பட்டது இரண்டு இடத்தில். விசிடியில் ஒரு படம் இரண்டு தட்டாக வரும், ஒரு தட்டில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. நான் ஒட்டாமல் அப்படியே ஏற்றி வைத்திருந்தேன், சேனல் ஒவ்வொரு தட்டையும் தனிப் படமாக எடுத்துக்கொண்டது. ஒரு படத்தின் இரண்டாம் பாதி ஓடி "சுபம்" போட்டதும் வேறு படத்தின் டைட்டில் வந்தது, அது பாதியில் நின்று மூன்றாவது படத்தின் கிளைமாக்ஸ். 90 படங்களை ஒவ்வொன்றாக ஒட்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது. அடுத்தது நேரம். ராத்திரி 9.30க்குப் படம் வைத்தேன். காலையில் அப்பா, "பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன் கண்ணு, படமே வரலியே" என்றார். எர்சாட்ஸ்டிவியை நான் ஓட்டுவது டாக்கர் என்ற சாப்ட்வேருக்குள், அதில் டைம்ஸோன் சொல்லாமல் விட்டிருந்தேன். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யூடிசி என்ற உலக நேரத்தில் ஓடி, படம் நம் நேரத்துக்கு விடியக்காலை 3 மணிக்குத் தொடங்கியிருக்கிறது. ஏசியா/கொல்கத்தா என்று முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இடைவெளி வரும். அதில் வீட்டு வீடியோவைத் துண்டு துண்டாகப் போடலாம். நான் அக்காவின் 1996 கல்யாண கேசட்டைப் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. அந்த விஎச்எஸ்ஸை மாற்றித் தரச்சொல்லி ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டு, மூலையில் அவர்கள் போன் நம்பரையும் அடித்துக் கொடுத்தார்கள். கேசட் எங்கே என்றால், பூஞ்சை பிடித்திருந்தது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். அம்மா பந்தி விசாரித்த குரல் அந்த ஒன்றில்தான் இருந்தது. யாராவது கேசட் கொடுப்பதாக இருந்தால், அசல் சத்தத்தில் கை வைக்கக்கூடாது, கேசட் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

"யூடியூப் போட்டுக் கொடுத்தால் போச்சு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அங்கேயும் அவர்தான் தேட வேண்டும், அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திருட்டுப் படம் என்பவர்களுக்கு: எல்லாம் காசு கொடுத்து வாங்கிய தட்டு, உறையோடு அலமாரியில் இருக்கிறது. பாதிப் படத்திலிருந்து யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். அப்பா பார்க்கிறார். பத்து தடவை பார்த்த படம்தானே, எங்கே போய் உட்கார்ந்தாலும் அவருக்குக் கதை தெரியும்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய நேரமெல்லாம் எழுதி டிவி பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். எதிர்வீட்டில் அவரோடு மில்லில் இருந்தவர் ஒருத்தர் இருக்கிறார். காம்பவுண்டிலிருந்தே, "ரெண்டரைக்குப் படமுங்க, சாப்ட்டுட்டு வந்துருங்க" என்று கூப்பிடுகிறார். ஜெல்லிஃபினில் நானூறு படம் இருந்தபோது யாரையும் கூப்பிட்டதில்லை.

நீங்கள் முதலில் ஒரே ஒரு சேனல் போடுங்கள். மத்தியானம் 2.30க்கு ஒரு படம், ராத்திரி ஒரு படம், நடுவில் பாட்டு. ஒரு மாதம் அந்த நேரத்தை மாற்றாதீர்கள்.