வாசகர் கேள்வி–பதில்: கோட்டுருவம் ஆடும்போது

கேள்வி: பரதம் பயிலும் என் மகளுக்கு, பென்சிலால் வரைந்த மனிதர் அசையும் ‘டேக் ஆன் மீ’ என்ற பழைய ஆங்கிலப் பாடல் காணொளியைக் காட்டினேன். “நிஜ ஆள் போலவே இருக்கிறார்” என்று வியந்தாள். கணினியில் நுணுக்கமாக உருவாக்கிய பாத்திரங்கள் ஆடும் பாடல்களைக் கண்டால் மட்டும் “கால் தரையில் படவே இல்லையே” என்கிறாள். வெறும் கோடுகளுக்கு எப்படி இந்த உயிர் வருகிறது?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் மகள் பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். ஆட்டத்தை நம்பவைப்பது முகமோ ஆடையோ அன்று. உடலின் எடை தரையில் இறங்கும் விதமே. அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்த அரை அமர்வு நிலையில்) தட்டடவு, அதாவது பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அசைவு, செய்யும்போது, ஒரு பாதம் மேலெழுவதற்கு முன்பே எடை மறுகாலுக்கு மாறிவிடுவதை அவளுடைய உடலே அறியும். அந்த மாற்றம் திரையில் இல்லையென்றால் அவள் கண் உடனே மறுத்துவிடுகிறது.

நார்வே நாட்டின் ‘ஆ-ஹா’ குழுவுக்காக 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய அக்காணொளியில், முதலில் மனிதர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்தார்கள். பிறகு மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் அப்படச்சுருளின் மேல் ஏறத்தாழ 3,000 சட்டங்களை (‘ஃபிரேம்’ எனப்படும் தனித்தனிப் படங்களை) ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தார்கள். கோடு சட்டத்துக்குச் சட்டம் நடுங்குகிறது. ஆனால் அதனுள் இருக்கும் எடை உண்மையான மனிதருடையது. ‘ரோட்டோஸ்கோப்’ எனப்படும் இம்முறைக்கு அமெரிக்க அசைவூட்டப்படக் கலைஞர் மேக்ஸ் ஃபிளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்றார். கோமாளி உடையில் தம்பி டேவை ஆடவைத்துத்தான் அவர் வரைந்தார். நம் கும்பகோணத்துப் பொம்மலாட்டத்திலும் நூல்கள் கலைஞரின் தலையில் உள்ள வளையத்தில் கட்டப்பட்டிருக்க, கைகளில் கம்பிகளைப் பிடித்தபடி அவர் தம் உடலையே அசைத்துப் பொம்மையை ஆட்டுகிறார். மரத்துக்குள் ஒரு மனித உடலின் தாளம் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கணினிப் பாத்திரங்களுக்கும் பெரும்பாலும் நடனக் கலைஞரின் அசைவையே பதிவுசெய்து ஏற்றுகிறார்கள். எனினும் கலைஞரின் கால் நீளமும் பாத்திரத்தின் கால் நீளமும் வேறுபடுவதால், பாதம் ஊன்ற வேண்டிய இடத்தில் வழுக்குகிறது. அதைப் பொறுமையாகத் திருத்தாமல் விட்டுவிடுவதே நீங்கள் காணும் மிதப்புக்கு முதற்காரணம். தாளமும் அப்படியே. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில், நொடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 12 சட்டங்களே உள்ளன. இரண்டு சட்டம் தப்பினாலும் கால் தாளத்தைத் தவறவிட்டதாகத் தோன்றும்.

சிதம்பரம் உங்களுக்கு அருகில்தான். அங்குள்ள கோயில் கோபுரங்களின் கரணச் சிற்பங்கள் (நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்கள்) ஒவ்வொன்றின் முன்னும் அவளை நிறுத்தி, எடை எந்தக் காலில் இருக்கிறது, இதற்கு முந்தைய நிலையும் அடுத்த நிலையும் எவையாக இருக்கும் என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் ஒரு தட்டடவைக் கைப்பேசியில் பதிவுசெய்து, திரையின் மேல் மெல்லிய தாளை வைத்துப் 12 நிலைகளை வரையச் சொல்லுங்கள். பாதம் ஊன்றும் தாளை மட்டும் அவள் இருமுறை வரையட்டும்.