கெவூர்ட்ஸ்ட்ராமினர் ஒயினில் ரோஜா மணம் எப்படி வருகிறது? எசன்ஸ் கலப்பார்களா?

கலப்பதில்லை. இது வெள்ளை ஒயினுக்கான ஒரு திராட்சை வகை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பேர்போனது. தோல் என்னவோ இளஞ்சிவப்பு. ரோஜாவுக்கும் லிச்சிப் பழத்துக்கும் மணம் தருகிற அதே பொருள்கள் இந்தத் தோலிலும் இருக்கின்றன, அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் 'கெவூர்ட்ஸ்' என்றால் மசாலா. அதற்காக எங்கள் ஊர் மிளகுக் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம்!

காரைக்குடிக் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பைக் குலுக்கித் தெளிப்பார்களே, புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தாலே கமகமவென்று மணக்கும். நக்கிப் பார்த்தால் இனிப்பே இருக்காது. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்: மணம் தூக்கல், ஆனால் பல சமயம் இனிப்பு இருக்காது. புளிப்பும் குறைவு.

மணக்கிறதே, தித்திப்பான லேசான ஒயின் என்று பலர் நினைக்கிறார்கள். பல புட்டிகளில் சர்க்கரை பெரும்பாலும் நொதித்து ஆல்கஹாலாக மாறித் தீர்ந்திருக்கும். ஆல்கஹால் 13, 14 சதவீதம் என்பது சாதாரணம்.