கலெக்டரை டேக் செய்தால் போதுமா?

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சமூக ஊடகம் என்று வந்தாலே உங்கள் எழுத்தில் ஒரு சலிப்பு தெரிகிறது. என் அனுபவம் வேறு. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஓடைப் பாலம் மழையில் உடைந்து கிடந்தது. அப்பா பல வருடமாக யூனியன் ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் மனுவோடு அலைந்தார். போன மாதம் நான் ஒரு படம் எடுத்து, கலெக்டரை டேக் செய்து எக்ஸ் தளத்தில் போட்டேன். மறுநாளே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இப்போது வேலை நடக்கிறது. நடுவில் ஒருவரும் தேவைப்படவில்லை. ஊடகமே மக்களின் குரலை அரசின் காதுவரை கொண்டுபோய்விடுகிறது. என் பதிவுகளைப் பார்க்கவும் ஆள் இருக்கிறார்கள். நேபாளத்தில் இளைஞர்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஓட்டுப் போட்டுப் பிரதமரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இனியும் கிராம சபை, ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) என்று பழைய கதையையே பேசிக்கொண்டிருக்க வேண்டுமா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

பாலம் வேலை தொடங்கியது நல்ல செய்தி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரே விஷயத்துக்காக வருடக்கணக்கில் மனு எழுதுவதற்கு ஒரு வைராக்கியம் வேண்டும். நம் ஊர்களில் உருப்படியாக நடந்த காரியங்களில் பாதி அப்படிப்பட்டவர்களால் நடந்தவை.

உங்கள் கலெக்டர் நல்ல மனிதர் என்று தெரிகிறது. என் கவலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் மாறுதலாகிப் போய்விட்டால்? அடுத்து வருபவர் எக்ஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவராக இருந்தால்? உங்கள் பதிவுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மனம் வைத்தார், நடந்தது. அதே வாரம் பக்கத்து ஊரிலிருந்து யாரோ போட்ட படம் அவர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். அந்த ஊர்க்காரர் யாரிடம் போய் ‘எங்களுக்கு ஏன் இல்லை’ என்று கேட்பார்?

சுஷ்மா ஸ்வராஜ் 2014 முதல் 2019 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவரும், சம்பளம் வராமல் மாட்டிக்கொண்டவரும் ட்விட்டரில் எழுதினால் அவரே பதில் சொல்வார், தூதரகத்தை முடுக்கிவிடுவார். 2016இல் ஒருவர் தன் ஃபிரிட்ஜ் பழுதானதைக்கூட அவரிடம் முறையிட்டார். ஃபிரிட்ஜ் விஷயத்தில் என்னால் உதவ முடியாது, துன்பத்தில் இருக்கும் மனிதர்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று அதற்கும் பொறுமையாகப் பதில் போட்டார். அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அதே அமைச்சகம் 2015 பிப்ரவரியில் ‘மதத்’ என்று ஒரு இணையதளம் தொடங்கியது. புகாரைப் பதிவு செய்தால் எண் கிடைக்கும், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அதைப் பற்றி யாரும் சிலாகித்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அமைச்சர் மாறினாலும் அந்த எண் மாறாது.

திருநெல்வேலியில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர முடியாது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலக வளாகத்தில், மனு கொடுக்கும் நாளில், கந்துவட்டித் தொல்லை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் தீயில் எரிந்துபோனார். அதற்கு முன்பே பலமுறை அதே இடத்தில் மனு கொடுத்திருந்தார்கள். கந்துவட்டியைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003இலிருந்தே சட்டம் இருக்கிறது. மனு வாங்குவதற்கு மேசை இருக்கிறது, நாள் இருக்கிறது. அந்த மனு எங்கே போனது, யார் கையில் நின்றது, அவர் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று அந்தக் குடும்பத்தால் கேட்க முடியவில்லை.

எரிகிற படங்கள் அன்று மாலைக்குள் தமிழ்நாட்டின் எல்லா போனுக்கும் வந்துவிட்டன. நாம் எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம். கார்ட்டூனிஸ்ட் பாலா கோபத்தோடு ஒரு படம் வரைந்து ஃபேஸ்புக்கில் போட்டார். மாவட்ட ஆட்சியர் கொடுத்த புகாரில் நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் அவரைக் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அந்த வழக்கு ரத்தாக 2021 வரை ஆயிற்று.

திரும்பத் திரும்பக் கொடுத்த மனுவுக்கு அசையாத அதே நிர்வாகம், ஒரு ஃபேஸ்புக் படத்துக்கு இரண்டே வாரத்தில் அசைந்தது. ஊடகம் மக்களின் குரலை அரசின் காதுவரை கொண்டுபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோகிறதுதான். கேட்ட பிறகு என்ன செய்வது என்பதை இன்னமும் அரசே முடிவு செய்கிறது. அது எப்போது நம் கைக்கு வரும் என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் பழைய கதை என்று சொல்லும் ஆர்.டி.ஐ. அந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு பதில். அது டெல்லியில் பிறந்ததென்று பலர் நினைக்கிறார்கள். பிறந்தது ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். ஆகி, 1970களில் அந்த வேலையை விட்டுவிட்டுப் போன அருணா ராயும், நிகில் தே, சங்கர் சிங் போன்ற தோழர்களும் 1990இல் ராஜ்சமந்து மாவட்டத்தின் தேவ்துங்ரியில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலை செய்த கூலிகளுக்குச் சட்டப்படியான கூலி வரவில்லை. கேட்டால், ‘நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது’ என்றார்கள். அந்த வருகைப் பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம்.

எப்படியோ சில நகல்களை வாங்கினார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட்கிரானாவில் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, அந்தக் காகிதங்களை வரிவரியாக வாசித்தார்கள். அப்புறம் ஊர் ஊராக இதே போலக் கூட்டங்கள். பெயர் வாசிப்பார்கள்: இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி, கைநாட்டு. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: ‘அவர் செத்துப்போய் வருஷக்கணக்காச்சே!’ இன்னொரு பெயர் வாசித்தால், ‘அவன் பிழைக்கப் போய் ஊரிலேயே இல்லையே!’ கூரையே போடாத கட்டடம் கணக்கில் முடிந்துபோயிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எழுந்து நின்று, தன் பெயருக்கு நேரே இருக்கும் தொகை தன் கைக்கு வரவில்லை என்று மைக்கில் சொன்னார்கள். அங்கே பயன்பட்ட தொழில்நுட்பம் ஜெராக்ஸ் மிஷினும் ஒலிபெருக்கியும்தான். அதிகாரியின் மேசைக்குள் இருந்த காகிதத்தை ஊர் நடுவே கொண்டுவர அது போதுமாக இருந்தது.

1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அது நாடு தழுவிய இயக்கமாகி, 2005 அக்டோபர் 12இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. (தமிழ்நாடு 1997லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனால் விதிவிலக்குகள் அத்தனை இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை.) 2005 சட்டத்தில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. ஏன் கேட்கிறாய் என்று உங்களை யாரும் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அந்த அலுவலர்மேல் அபராதம் விதிக்கலாம். தகவல் ஆணையங்கள் அதைச் சரியாக விதிப்பதில்லை என்பது வேறு துயரம். ஆனாலும் அங்கே பதில் சொல்லும் கடமை ஒரு பதவியின்மேல், பெயர் குறிப்பிட்டுச் சுமத்தப்பட்டிருக்கிறது.

உங்கள் பாலத்துக்கும் இது பொருந்தும். டேக் செய்ததில் ஒரு தவறும் இல்லை, அடுத்த முறையும் செய்யுங்கள். கூடவே பத்து ரூபாய் கட்டணத்தோடு யூனியன் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனுப் போட்டு, அந்த வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் என்று சொல்கிறார்களே அந்த அளவுப் புத்தகம், மூன்றின் நகலையும் கேளுங்கள். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கிலோ கம்பி என்று அதில் இருக்கும். நகல் வந்ததும் அப்பாவையும் ஊரில் கட்டட வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் அழைத்துப்போய்ப் பாலத்தை அளந்து பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் கிராம சபையில் வாசியுங்கள். 2022இலிருந்து நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மறுநாளே பி.டி.ஓ. உங்களுக்கு போன் செய்யமாட்டார். ஆனால் அடுத்த பாலத்தைக் கட்ட வரும் ஒப்பந்ததாரர் உங்கள் ஊரை நினைவில் வைத்திருப்பார்.

இனி அதே மஸ்டர் ரோல் இப்போது என்ன ஆனது என்று பாருங்கள். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு செய்ய 2021 மே மாதம் ஒரு செயலி கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். நேரமும் இடமும் படத்தில் பதிவாகும். ஊழலை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். காலையில் வெட்ட வேண்டிய அளவை வெட்டி முடித்துவிட்ட கிழவிகளும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. குளத்துக்குள் சிக்னல் இல்லை, படம் ஏறவில்லை என்றால் அன்றைய வருகையே பதிவாகாது. குனிந்து மண் அள்ளியவள் கூலியை இழக்கிறாள். போய் முறையிட்டால், ‘சிஸ்டத்தில் ஏறலையே, நான் என்ன பண்றது’ என்பார்கள். 1990களில் சொன்ன அதே பதில்தான். அப்போது பதிவேட்டில் இல்லை என்றார்கள், இப்போது சிஸ்டத்தில் இல்லை என்கிறார்கள்.

ஊழலாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் தலைக்கும் பதிவான எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை, ஒரே ஆட்கள் பல மஸ்டர் ரோல்களில் வருகிறார்கள் என்று அதில் பட்டியலே இருக்கிறது. திருடத் தெரிந்தவன் வழி கண்டுபிடித்துவிட்டான். சிக்னல் இல்லாத குளத்தில் நின்றவள்தான் மாட்டிக்கொண்டாள்.

தொழில்நுட்பத்தை நான் வெறுக்கவில்லை, க. அதே ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் ‘ஜன் சூச்னா’ என்று ஒரு இணையதளம் வந்தது. மனுப் போடாமலேயே, உங்கள் வார்டில் ரேஷன் யாருக்குப் போனது, நூறு நாள் வேலைக்கூலி யாருக்கு வந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பந்தலில் வாசித்த காகிதம் போனுக்கு வந்துவிட்டது. ஊர் அரசாங்கத்தைப் பார்க்கிறது. வருகைச் செயலியிலோ அரசாங்கம் ஊரைப் பார்க்கிறது, தன்னைப் பார்க்க விடுவதில்லை. புதிதாக ஏதாவது ஒரு செயலியை அறிவித்தால் இந்த ஒன்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நேபாளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 4இல் அந்த அரசு 26 சமூக ஊடகங்களை முடக்கியது. செப்டம்பர் 8இல் தெருவுக்கு வந்த இளைஞர்களில் 19 பேர் அன்று ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். அந்தப் பிள்ளைகளின் துணிச்சலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் டிஸ்கார்ட் வாக்கெடுப்பில் அந்த நாட்டுக்காரர் யார், வெளியிலிருந்து வந்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? மலைக் கிராமத்தில் போன் இல்லாத கிழவிக்கு அதில் ஓட்டு உண்டா? அங்கே முன்மொழியப்பட்ட சுசீலா கார்க்கி முன்னாள் தலைமை நீதிபதி. நீதிமன்றத்தில் அவர் சம்பாதித்த பெயரை நம்பித்தான் அவரைத் தேடினார்கள். குடியரசுத் தலைவர்தான் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார், தேர்தலுக்கும் தேதி குறித்தார். அந்த இரண்டு நாள் கலவரத்தில் உச்ச நீதிமன்றக் கட்டடமும் அங்கிருந்த வழக்குக் கோப்புகளும் எரிந்துபோயின. எத்தனையோ ஏழைகளின் நில வழக்கும் ஜீவனாம்ச வழக்கும் அந்தக் கட்டுகளில் இருந்திருக்கும். எனக்கு அது நெஞ்சை அடைக்கிறது.

கடைசியாக, நீங்கள் உடனே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்துகிறது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு, பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிப்பட்ட விவரத்தை மட்டும் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. இப்போது ‘தனிப்பட்ட விவரம்’ என்றாலே போதும், மறுத்துவிடலாம். பொதுநலன் கருதித் தர 8(2) பிரிவு இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. அது இருக்கிறதுதான். ஆனால் பொதுநலன் பெரிது என்று முடிவு செய்யவேண்டியது அதே அலுவலகம்தான்.

மஸ்டர் ரோலில் இருப்பது முழுக்கப் பெயர்கள். ஒப்பந்ததாரர் என்பவரும் ஒரு பெயர், எம் புக்கில் கையெழுத்துப் போட்ட பொறியாளரும் ஒரு பெயர். அந்தப் பெயர்களை மறைத்துக் கொடுத்தால் பந்தலில் எதை வாசிப்பது? உங்கள் பதிவுகளைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். இந்தத் திருத்தத்தைப் பற்றி அங்கே எழுதுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யை டேக் செய்து, இதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேளுங்கள். அதையே ஒரு காகிதத்திலும் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அவருக்கு அனுப்புங்கள்.