கறிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். கோழி வாங்கப் போனால் என் கணவர் ‘நேச்சுரல்’, ‘ஹார்மோன் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பாக்கெட்டைத்தான் எடுக்கிறார். சாதாரணப் பாக்கெட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. குழந்தைகளுக்காக என்று சொல்லும்போது நானும் மறுத்துப் பேசுவதில்லை. கொடுக்கிற பணத்துக்கு அதில் ஏதாவது கூடுதலாக இருக்கிறதா?

பதில்: உங்கள் கணவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அவர் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்புகிறார். கோழியைப் பற்றிய உண்மையெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில் ஹார்மோன். அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்கச் சட்டத்தில் அனுமதியே கிடையாது. அங்கே ஒரு நிறுவனம் ‘ஹார்மோன் சேர்க்கவில்லை’ என்று அச்சிட விரும்பினால், ‘சட்டப்படி கோழிக்கு ஹார்மோன் கொடுக்கக் கூடாது’ என்ற வரியையும் கூடவே அச்சிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ வளர்ச்சிக்காக எந்தக் கால்நடைக்கும் ஹார்மோன் கொடுக்கத் தடை. கோழி இவ்வளவு சீக்கிரம் பெருப்பதற்குக் காரணம் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமும் தீவனமும்தான். ஆக, கோழிப் பாக்கெட்டில் அந்த வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மாட்டிறைச்சி விஷயம் வேறு. சில நாடுகளில் மாட்டுக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதி உண்டு, அங்கே அந்த வரிக்குப் பொருளும் உண்டு.

‘நேச்சுரல்’ என்பது அந்தப் பறவை எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ‘ஆர்கானிக்’ அப்படியல்ல, அதற்கு விதிமுறைகள் உண்டு. ஆனால் அந்தச் சொல் மட்டும் இருந்தால் போதாது, சான்றளித்த அமைப்பின் முத்திரையும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ‘ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது’ என்பதை நான் மதிக்கிறேன். கண்டபடி கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கால்நடைகளைப் பெருக்க வைப்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006-லேயே நிறுத்திவிட்டது. கையில் பணம் இருந்து, சான்றும் இருந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது நல்ல செலவுதான்.

இப்போது பாக்கெட்டைத் திருப்புங்கள். ‘சேர்மானங்கள்’ என்ற இடத்தில் ‘கோழி இறைச்சி’ என்று மட்டும் இருந்தால் நல்லது. தண்ணீர், உப்பு, சோடியம் பாஸ்பேட் என்று வரிசையாக வந்தால், ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றிய கறியாக இருக்கக்கூடும். கறி கொழுகொழுவென்று தெரியும், எடையும் கூடும். அந்தத் தண்ணீருக்கும் நீங்கள் கறி விலைதான் கொடுக்கிறீர்கள். சோடியம் எவ்வளவு என்றும் பாருங்கள். எதுவும் சேர்க்காத பச்சைக் கோழியில் 100 கிராமுக்குச் சோடியம் 100 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். 300-ஐத் தொட்டால் வெளியிலிருந்து உப்பு ஏறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் இருந்தால் இந்த ஒரு எண் முக்கியம். ஏனென்றால் உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்குச் சொல்லும் உச்ச வரம்பே நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம்.

ஒருமுறை நான் ‘1 கிலோ’ என்று அச்சிட்ட உறைந்த கோழிப் பாக்கெட் ஒன்றை வாங்கி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு வடிதட்டில் வைத்து உருகவிட்டேன். காலையில் கீழே இருந்த கிண்ணத்தில் இளஞ்சிவப்புத் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. தட்டில் மிஞ்சிய கறியை நிறுத்தேன், 840 கிராம். உறைந்த கறியில் கொஞ்சம் நீர் வடிவது இயல்பு, அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துண்டுகளைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஐஸ் பூச்சு இருந்ததை நான் வாங்கும்போதே கவனித்திருக்கலாம். அன்றிலிருந்து விலையை எடையால் வகுப்பதோடு நிறுத்துவதில்லை. எலும்பும் ஐஸும் போக மிஞ்சுகிற எடையால் வகுத்துத்தான் ஒப்பிடுகிறேன். நீங்களும் ஒரே ஒரு முறை இரண்டு பாக்கெட்டையும் இப்படி நிறுத்துப் பாருங்கள். அப்புறம் எதை வாங்குவது என்று வீட்டில் வாக்குவாதமே இருக்காது.

கேள்வி: கொத்துக்கறி வாங்கினேன். மேலே நல்ல சிவப்பு, உள்ளே பிரித்தால் பழுப்பு. பழைய கறியை உள்ளே வைத்துப் புதுக்கறியால் மூடி ஏமாற்றிவிட்டார்களோ?

பதில்: பெரும்பாலும் இல்லை. கறிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். காற்றுப் பட்டால் அது பளிச்சென்று சிவக்கும். காற்று சரியாக எட்டாத உள்பகுதி பழுப்பாகவே நிற்கும். காற்றை உறிஞ்சி அடைத்த பாக்கெட்டில் கறி ஊதா கலந்த நிறத்தில் இருப்பதும் இதனால்தான். பாக்கெட்டின் அடியில் தேங்கும் சிவப்புத் தண்ணீரும் ரத்தமல்ல. அது கறியிலிருந்து வடிந்த நீரும் இதே புரதமும்தான்.

கண்ணைவிட மூக்கையும் விரலையும் நம்புங்கள். பச்சைக் கறிக்கென்று ஒரு கவிச்சி உண்டு, அது இயல்பு. புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் நோய் உண்டாக்கும் கிருமிகள் பல நேரம் வாடையே தராது. அதனால் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நாள் கடந்த கறியை வைத்துக்கொள்ளவும் கூடாது. கொத்துக்கறியை அரைக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் கிருமி உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. எனவே ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரிரண்டு நாள், அதற்குமேல் வேண்டாம். சமைக்கும்போது நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், கோழியானால் 74. ஊசி போல் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் சமையலறைக் கருவிகளில் அதற்குத்தான் முதலிடம்.

கேள்வி: ஆன்லைனில் கறி ஆர்டர் செய்தேன். வந்து சேர்ந்தபோது ஐஸ் பை முழுக்க உருகி, பாக்கெட் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. உடனே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். சாப்பிடலாமா? பணம் திரும்பக் கேட்கலாமா?

பதில்: சாப்பிட வேண்டாம். பணத்தைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் கறி மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். உங்கள் பாக்கெட் எத்தனை மணி நேரம் வெதுவெதுப்பாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். கறி உருகியதும் அது விழித்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையல்ல, சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

அடுத்த முறை டெலிவரி ஆள் நிற்கும்போதே பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லையென்றால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்கிவிட்டால் பிரிப்பதற்கு முன்பே உருகிய ஐஸ் பையையும், லேபிளில் இருக்கும் தொகுப்பு எண்ணையும், பேக் செய்த தேதியையும் போட்டோ எடுங்கள். வெப்பமானி இருந்தால் அது காட்டும் எண்ணும் போட்டோவில் விழட்டும். அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் சொல்வதோடு விடாதீர்கள். பதில் வரும்வரை பாக்கெட்டைத் தனியாக ஒரு பையில் கட்டி ‘சாப்பிடாதே’ என்று எழுதி வையுங்கள், வீட்டில் வேறு யாராவது எடுத்துச் சமைத்துவிடாமல் இருக்க. பணத்துக்குப் பதில் அடுத்த முறை வாங்கக் கூப்பன் தருகிறோம் என்பார்கள். கெட்ட கறி கொடுத்த கடையிலேயே மறுபடி வாங்க நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல, பணமே வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகனின் சாப்பாட்டு டப்பாவில் வாரத்தில் நான்கு நாள் சாசேஜ்தான் போகிறது. நான்கு வயது மகளுக்கும் அதுதான் பிடிக்கிறது. வேலைக்குப் போகும் அவசரத்தில் எனக்கும் அதுவே வசதி. புற்றுநோய் வரும் என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். பொதுவாகவே ஒரு குடும்பத்துக்கு வாரம் எவ்வளவு கறி சரி?

பதில்: தோழி சொன்னதில் பாதி சரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை ‘புற்றுநோயை உண்டாக்கும்’ என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று அதற்குப் பொருளில்லை, ஆதாரம் அதே அளவு உறுதி என்றுதான் பொருள். தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று அந்த முகமை கணக்கிட்டது. நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். என்றாலும் குழந்தைப் பருவத்திலேயே அதைத் தினசரிப் பழக்கமாக்க நான் விரும்ப மாட்டேன். புற்றுநோயை விட்டாலும் அதில் இருக்கும் உப்பே போதும், குறைக்கச் சொல்ல.

நைட்ரைட் என்பது கறியைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஒரு வகை உப்பு. ‘நைட்ரைட் சேர்க்கவில்லை’ என்ற பாக்கெட்டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பல நேரம் செலரி என்ற தண்டுக்கீரையின் சாறு சேர்த்திருப்பார்கள், அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான். இன்னொன்றை இன்றைக்கே மாற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்குச் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கிக் கொடுக்கவே கூடாது. அந்த வட்டம் குழந்தையின் தொண்டைக் குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நீளவாக்கில் கீறிப் பொடியாக நறுக்குங்கள்.

வசதிக்கு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத கோழியை உப்புக் குறைவாக வேகவைத்து, நாராகப் பிய்த்து, சின்னச் சின்ன டப்பாக்களில் போடுங்கள். மூன்று நாளுக்கானது ஃபிரிட்ஜில், மீதி ஃப்ரீசரில். காலையில் சாசேஜ் பொரிக்கிற நேரம்கூட ஆகாது.

அளவைப் பொறுத்தவரை, உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியைப் பெரியவர்கள் வாரம் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அது வெந்த கறியின் எடை. பச்சையாக 700 கிராம் வாங்கினால் வெந்தபின் ஏறக்குறைய 500 கிராம் நிற்கும். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு போதும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டியதில்லை. இறைச்சியில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இதில் உண்டு. பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வது கடினம். அவற்றோடு கொஞ்சம் கறி சேர்த்தாலே அந்த இரும்பும் கூடுதலாகச் சேர்கிறது. எலுமிச்சையும் அதே வேலையைச் செய்யும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காபியும் அதைக் கெடுக்கும். அதனால் ஆளுக்கு ஒரு பெரிய துண்டு என்று வைக்காமல், பாதி கறியைப் பருப்பிலும் காய்கறியிலும் கலந்து சமையுங்கள். மிச்சமாகும் பணத்தில் அதே கறியைத் தரமானதாக வாங்கலாம்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். ரத்தம் ஊற ஈரல் சாப்பிடச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். கொழுப்பில்லாத சாதாரண கறியும், மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையும் போதும். மற்றவர்கள் எப்போதாவது ஈரல் சாப்பிடுவதில் தவறில்லை.

கேள்வி: சமைக்கும் முன் கோழியை மூன்று நான்கு தண்ணீரில் அலசுவதுதான் எங்கள் வழக்கம். இப்போது அலசக் கூடாது என்கிறார்களே?

பதில்: ஆமாம், குழாயடியில் அலசாதீர்கள். கோழியில் கேம்பைலோபேக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். தண்ணீர் தெறிக்கும்போது அவை தொட்டியைச் சுற்றியும், பக்கத்தில் இருக்கும் பச்சைக் காய்கறி மேலும் படியும். காய்கறியைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம், கோழியையோ வேகவைக்கத்தான் போகிறோம். கிருமியைக் கொல்வது சூடுதான். பிசிறு, எலும்புத் தூள் இருந்தால் ஈரமான தாளால் துடைத்து எடுத்து, தாளை உடனே குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பல வருட வழக்கத்தை விடுவது கடினம் என்று எனக்குத் தெரியும். அலசாமல் மனசு கேட்கவில்லை என்றால், குழாயைத் திறக்காமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்தி எடுத்து, தொட்டியையும் மேடையையும் சோப்பால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, எடை 60 கிலோ. பல் சரியில்லாததால் கறியைத் தொடுவதே இல்லை. எலும்புச் சாறு பொடி ஒன்று மிகவும் விலை கூடுதலாக விற்கிறது. வாங்கித் தரலாமா?

பதில்: சாறு தொண்டைக்கு இதம்தான், ஆனால் கறிக்கு ஈடாகாது. வீட்டில் காய்ச்சினாலும் அதில் புரதம் குறைவு, சுண்ணாம்புச்சத்து அதைவிடக் குறைவு. பல பொடிகளில் உப்பும் கூடுதல். வயதானவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணத்தில் தோள்பட்டை, கால் பகுதிக் கறி வாங்குங்கள். அதிகம் வேலை செய்த தசை என்பதால் முரடாக இருக்கும், அதனாலேயே விலையும் குறைவு. மூடிய பாத்திரத்தில் தண்ணீரோடு சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், அதில் இருக்கும் கொல்லாஜன் என்ற முரட்டுப் புரதம் மென்மையான ஜெலட்டினாகக் கரைந்து, கரண்டியால் அழுத்தினாலே கறி பஞ்சாகப் பிரியும். இரவில் சமைத்து, சூடு ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, அன்றைக்கு வேண்டியதை மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிக் கொடுங்கள். சாறும் அதிலேயே இருக்கும். முதல் இரண்டு நாள் முள்கரண்டியால் நன்றாக மசித்துவிடுங்கள், அப்புறம் அவரே துண்டாகக் கேட்டாலும் கேட்பார்.