தாய்மாமன் கடையானாலும் அனுமதி வேண்டும்

கேள்வி: பதினைந்து வயதான என் மகன், வரும் ஜூலை விடுமுறையில் சேன் தெனியில் உள்ள என் அண்ணனின் துணிக்கடையில் வேலை பார்க்க ஆசைப்படுகிறான். சொந்தக் கடைக்கு அனுமதி எதற்கு என்கிறார் அண்ணன். தெரிந்தவர் ஒருவரோ ‘சிறார் வேலை அட்டை’ வாங்கித் தர 200 யூரோ கேட்கிறார். என்ன செய்வது? – ஒரு தாயார், சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: அந்த 200 யூரோவைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படியோர் அட்டையே கிடையாது. பிரான்சின் பகுதியான ரீயூனியன் தீவில் செல்லுபடியாகும் பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிறைந்து 16 வயது ஆகாத பிள்ளையைப் பள்ளி விடுமுறையில் வேலைக்கு வைப்பவர், வேலை தொடங்க 15 நாட்களுக்கு முன்பே தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை நாள், எந்த நேரம், என்ன சம்பளம் என்பவற்றை உங்கள் அண்ணன் எழுதி, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் இணைத்து அனுப்பினால் போதும். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை.

விண்ணப்பம் அனுப்பியதிலிருந்து எட்டு முழு நாட்களுக்குள் ஆய்வாளர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே பொருள். தரகர்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான்: தானாகக் கிடைக்கும் அனுமதியைத் தாம் பேசி வாங்கித் தந்ததாகச் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். மௌனமே சம்மதம் என்று சட்டத்தில் எழுதியவர்கள், ஒரு வரி ஒப்புதல் கடிதத்துக்கும் வழி செய்திருந்தால் சாதாரணக் கடைக்காரர் இப்படித் தவிக்க வேண்டியிருக்காது. எனவே ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் விண்ணப்ப நகலையும் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

குடும்பக் கடைக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அது உங்கள் அண்ணனுக்குப் பொருந்தாது. கடையில் வேலை செய்வோர் அனைவரும் குடும்பத்தினராக இருக்க வேண்டும். அதோடு பிள்ளை தன் தந்தை, தாய் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் அதிகாரத்தின் கீழ் வேலை செய்ய வேண்டும். நம் வழக்கத்தில் தாய்மாமன் தகப்பனுக்குச் சமம்தான் என்றாலும், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கடை உங்களுடையதாகவே இருந்து, கல்லாவில் வெளியாள் ஒருவர் சம்பளத்துக்கு இருந்தாலும் விலக்கு போய்விடும். விலக்கு கிடைக்கும் கடையிலும், ஆபத்தில்லாத வேலையை எப்போதாவது, சிறிது காலம் செய்யலாமே தவிர, விடுமுறை முழுவதும் வேலையில் வைத்திருக்க முடியாது.

விடுமுறையில் குறைந்தது பாதி நாட்கள் உங்கள் மகனுக்குத் தொடர்ச்சியான ஓய்வாக இருக்க வேண்டும். ஐந்து வார விடுமுறை என்றால் இரண்டரை வாரத்துக்கு மேல் வேலை கூடாது. நாளுக்கு 7 மணி, வாரத்துக்கு 35 மணி என்பது உச்ச வரம்பு. இரவு 8 முதல் காலை 6 வரை வேலையே கூடாது. துணி மடிக்கலாம், விலைச்சீட்டு ஒட்டலாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறக் கூடாது. சம்பளம் ஸ்மிக் என்னும் குறைந்தபட்ச ஊதியத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ‘மருமகன்தானே, கைச்செலவுக்குக் கொடுத்தால் போதும்’ என்பது செல்லாது. வேலை தொடங்கும் முன் அவனைப் பணியாளராகச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் அறிவிப்பதும் அண்ணனின் பொறுப்பே. அதையும் இணையத்தில் இலவசமாகச் செய்யலாம்.